கம்பி வேலியில் வைத்த ஒப்பாரி

மோத்ரியாவுக்குக் குரல் பெரிது. எங்கள் ஊர் வெர்பிவ்காவின் ஒரு முனையில் அவள் தன் மாட்டைத் திட்டினால், மறுமுனையில் என் மாடு மிரளும். கூட்டுப்பண்ணையில் அவளுக்குப் பால் கறக்கிற வேலை. பண்ணைத் தலைவர் தொழுவத்துப் பக்கம் வருவதென்றால், அவள் உள்ளே இருக்கிறாளா என்று யாரையாவது விட்டுப் பார்த்துக்கொண்டுதான் வருவார்.

ஆனால் அந்தக் குரலுக்கு உண்மையான மதிப்பு சாவு வீட்டில்தான். எங்கள் பக்கத்தில் செத்தவரை ஒப்பாரி வைத்துத்தான் அனுப்புவோம். யார் பெற்ற பிள்ளை, எந்த நிலத்தை உழுதார், எந்த மாட்டை வளர்த்தார், யாரைத் தவிக்கவிட்டுப் போகிறார், எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். அரசாங்கம் கோவிலைப் பூட்டி அதில் தானியத்தைக் கொட்டிய பிறகு எங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். மோத்ரியா ஒப்பாரி வைத்தால், செத்தவனை முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட அவனோடு பல வருஷம் பழகியது போலத் தோன்றும்.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருக்கிற ஆளுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. வைத்தால் அந்த ஆள் வீடு திரும்ப மாட்டான். சின்னக் குழந்தைகள் பொம்மையை வைத்து விளையாடும்போது அப்படி அழுதால்கூடத் தலையில் ஒரு குட்டு வைத்து நிறுத்துவோம்.

அவள் புருஷன் யுகிம் என் வயசுக்காரன், என்னோடு வளர்ந்தவன். பண்ணைக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டான். அவள் எவ்வளவு பேசுவாளோ அவ்வளவுக்கு அவன் பேச மாட்டான். அவள் காலையில் கேட்டதற்கு அவன் மத்தியானம் பதில் சொல்வான். அதற்குள் அவளுக்குத் தான் என்ன கேட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும். முப்பத்துமூன்றாம் வருஷப் பஞ்சத்தில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இவள் பேசுவதும் அவன் கேட்பதும்தான் குடும்பம். ஒருவரை விட்டு ஒருவர் இருக்க மாட்டார்கள். நான் பார்த்த புருஷன் பெண்சாதிகளில் அப்படி இருந்தவர்கள் குறைவு.

நாற்பத்தொன்றில் சண்டை வந்தது. கோடை அறுவடை முடியும் முன்பே யுகிமைப் பட்டாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரருக்கு முந்தின சண்டையிலேயே ஒரு கால் போயிருந்ததால் அவரைத் தொடவில்லை. அந்தக் கால் போனதற்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

அந்தப் புரட்டாசியில் நடந்ததை இப்போது பெரிய படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நமது படை எப்படி வளைக்கப்பட்டது என்று விளக்குகிறார்கள். எங்களுக்கு எந்த அம்பும் தெரியவில்லை. எங்கள் கிணற்றைத் தாண்டி ஒரு லாரி கிழக்கே போனது. டிரைவர் ஒரு வாளித் தண்ணீர் வாங்கிக்கொண்டு, "ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா தப்பிச்சோம் அக்கா" என்றான். மறுநாள் அதே லாரி மேற்கே வந்தது. கிழக்கேயும் ஜெர்மன்காரன் நிற்கிறானாம். அதற்கும் மறுநாள் அதே லாரி வடக்கே போயிற்று. பிறகு லாரியைக் காணோம், டிரைவர் மட்டும் நடந்து வந்தான்.

அவனோடு வந்த ஒரு அதிகாரி என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எந்தப் பக்கம் போனா ஜெர்மன்காரன் இருக்க மாட்டான்?"

"மேலதான் போகணும்," என்றார் இவர். சொல்லி வாய் மூடவில்லை, மேலே ஒரு விமானம் வந்தது. "அதுவும் போச்சு," என்று சொல்லிக்கொண்டே ஒற்றைக் காலோடு கிணற்றடியில் உருண்டார்.

அந்த அதிகாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அவருக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. இரண்டு நாளில் சண்டைச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு சாலையில் பிடிபட்டவர்களை நடத்திக்கொண்டு போனார்கள். காலையில் ஆரம்பித்த வரிசை சாயங்காலம்வரை முடியவில்லை. நாங்கள் வேகவைத்த பீட்ரூட்டையும் உருளைக்கிழங்கையும் எறிந்தோம். குனிந்து எடுத்தவனைச் சுட்டார்கள். அதனால் குனிய வேண்டாதபடி கையில் பிடிக்கிற மாதிரி எறியப் பழகிக்கொண்டோம்.

பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி நகரத்துக்குப் போய்த் தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்ற செய்தி அந்த வாரமே பரவியது. நகரத்துக்கு வெளியே செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பெரிய குழி இருக்கிறது. பிடித்தவர்களையெல்லாம் அதற்குள்தான் அடைத்திருந்தார்கள். நம் ஊர்ப்பக்கத்து ஆளாக இருந்து, பெண்சாதி வந்து அடையாளம் சொன்னால் விடுகிறார்களாம். அப்படித் திரும்பி வந்த அந்த மனுஷன் மோத்ரியாவிடம், "யுகிமை வரிசையில பார்த்தேன்மா. அவனேதான். அப்புறம் கூட்டத்துல விட்டுட்டேன்" என்றான்.

அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானையில் இருந்த உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு முழுவதையும், ஒரு புட்டி வீட்டுச் சாராயத்தையும் துணியில் கட்டினாள். அவளிடம் இருந்த லஞ்சம் அவ்வளவுதான்.

"அக்கா, கூட வா. நான் வழியில யாரையாவது அடிச்சிட்டேன்னா பிடிச்சு இழுக்க ஆள் வேணும்."

போனோம்.

குழியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசு இல்லை. முன்பு அதன் சரிவில் ஆடு மேயும். நாங்கள் போனபோது ஒரு புல் இல்லை, எல்லாவற்றையும் தின்றிருந்தார்கள். செங்குத்தான மண் சுவர். கீழே மனுஷத் தலைகள். மழை பெய்து, ஆள் நிற்கிற இடமெல்லாம் சேறு. சுவரில் வளை தோண்டிப் படுத்திருந்தார்கள். சில சமயம் சுவர் சரிந்து வளையோடு மூடிக்கொள்ளும். யூத ஆட்களை முதல் நாளே தனியாகப் பிரித்து அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்களாம். அவர்களைத் தேடி எந்தப் பெண்சாதி வந்தும் பிரயோஜனம் இல்லை.

மேலே கம்பி வேலி. வேலிக்கு வெளியே நாங்கள், சந்தை மாதிரி அவ்வளவு பெண்கள். ஒவ்வொருத்தியும் தன் ஆள் பெயரைக் கத்துகிறாள். உள்ளே இருப்பவர்கள் அந்தப் பெயரைப் பிடித்து வாய்க்கு வாய் அனுப்புவார்கள். ஆள் கிடைத்தால் வாசலுக்கு ஏறி வருவான். வாசலில் ஒரு துபாஷி இருந்தான், தெற்கே குடியேறிய ஜெர்மன்காரன் பிள்ளை. நம் பாஷையை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவான். பெண்ணிடம் பேர், ஊர், அம்மா பேர், பிள்ளைகள் எத்தனை, மாடு என்ன நிறம் என்று கேட்பான். பிறகு ஆளிடம் அதையே கேட்பான். ஒத்துப்போனால் ஆள் அவளுக்கு, லஞ்சம் காவல்காரனுக்கு. ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் போன கொஞ்ச நேரத்திலேயே பார்த்தோம். பிள்ளை எத்தனை என்ற கேள்விக்கு ஒருவன் தப்பாகச் சொன்னான். அவனை அந்த மண்சுவரிலேயே நிறுத்திச் சுட்டார்கள். அவனைப் புருஷன் என்று சொன்ன பெண்ணைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து இழுத்துப் போனார்கள்.

"வெர்பிவ்கா யுகிம்! வெர்பிவ்கா யுகிம் லெலேகா!" மோத்ரியா காலையிலிருந்து கத்தினாள். அவள் குரலே அந்தச் சந்தடியில் முங்கிப் போயிற்று. உள்ளே இருந்து பெயர் மட்டும் எதிரொலி மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. மத்தியானம் சாய்ந்த பிறகு குழியின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. துபாஷி ஓர் ஆளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"யுகிம் லெலேகாவா நீ?"

"ஆமா."

நான் பார்த்தேன். யுகிம் இல்லை. நெட்டையாக, செம்பட்டைத் தலையாக, ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்ட யாரோ. முகமெல்லாம் களிமண். அந்தக் குழியில் இருபது வயசுக்காரனும் அறுபது வயசுக்காரனும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். அவன் மோத்ரியாவையே பார்த்தான். கெஞ்சவில்லை. கெஞ்சக்கூடத் தெம்பு இல்லாத பார்வை அது.

"உன் புருஷன்தானே?" என்றான் துபாஷி இவளிடம்.

இவள் வாயடைத்து நின்றாள். மோத்ரியா வாயடைத்து நின்றதை என் ஆயுசில் அப்போதுதான் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலையில் அந்த ஆள் நின்ற இடத்தில் இவனும் நிற்பான். ஆமாம் என்றால் அடுத்த கேள்வியிலேயே இரண்டு பேரும் மாட்டுவார்கள். இவனுக்குத்தான் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாதே. அதைவிடப் பெரிய விஷயம், ஒருத்திக்கு ஒரு புருஷன்தான். இவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, நாளைக்கு வந்து இன்னொரு யுகிமைக் கேட்க முடியாது. அவள் யுகிம் உள்ளே இருந்தால், அவன் உள்ளேயேதான்.

துபாஷி, "என்னம்மா, ஊமையா?" என்றான்.

அப்போதுதான் அவள் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மடாரென்று முட்டி போட்டு ஆரம்பித்தாள்.

"ஐயோ என் யுகிமே, என் ராசாவே!
உன்னை வெர்பிவ்காவுக்கு நான் எந்த வழியா கொண்டு போவேன்!
லெலேகா வீட்டுக்கு ஒத்தைப் பிள்ளையே, ஹாப்கா பெத்த பிள்ளையே!
உன்னைப் பெத்தவ ஈஸ்டருக்கு முந்தி மண்ணுக்குள்ள போனா,
நீ உசுரோட மண்ணுக்குள்ள நிக்கிறியே!
நீ தீனி வெச்ச பண்ணைக் குதிரையெல்லாம் இனி யாரைப் பார்த்துக் கனைக்கும்!
நமக்குப் பொறந்த ரெண்டும் பஞ்சத்துல போச்சே,
ஒண்ணுகூட மிச்சமில்லாம போச்சே!
நெத்தியில வெள்ளை வெச்ச கறுத்த மாட்டையும் பட்டாளம் ஓட்டிட்டுப் போச்சே!
முப்பத்தஞ்சு வயசுல உன்னை இந்தக் கோலத்துலயா நான் பார்க்கணும்!"

அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். "அடியே பாவி, வேணாம்டி! உசுரோட இருக்கிறவனுக்கு வெக்காதடி! யுகிம் பேரைச் சொல்லி வெக்காதடி!"

அவள் என் கையைத் தட்டிவிட்டு, முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். அம்மா பேர், ஊர் பேர், குதிரை, பிள்ளை, மாடு, வயசு. ஒன்றுவிடாமல் அவனைப் பார்த்தே சொன்னாள். துபாஷியின் ஊரில் சாவுக்குப் புத்தகம் பார்த்துப் பாடுவார்களாம். இவனுக்கு இது ஏதோ பெண்பிள்ளை அழுகை. எரிச்சலோடு காதைக் குடைந்துகொண்டு நின்றான். அந்தச் செம்பட்டைத் தலைக்காரன் மட்டும் உதடு அசையாமல் ஒவ்வொன்றையும் விழுங்கிக்கொண்டிருந்தான்.

"போதும் நிறுத்து!" என்று துபாஷி கத்தினான். பிறகு அவனிடம், "எந்த ஊர்?"

"வெர்பிவ்கா."

"அம்மா பேர்?"

"ஹாப்கா. செத்துப் போயிட்டா."

"பிள்ளைங்க?"

"ரெண்டு இருந்துச்சு. இப்ப இல்ல."

"மாடு என்ன நிறம்?"

அவன் மோத்ரியாவைப் பார்த்து, பிறகு துபாஷியைப் பார்த்து, "எந்த மாடுங்க? அதைத்தான் பட்டாளம் ஓட்டிட்டுப் போச்சுன்னு இவ்வளவு நேரம் அழுதாளே, கேக்கலையா? கறுப்பு. நெத்தியில வெள்ளை" என்றான்.

துபாஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புருஷனைவிட மாட்டுக்குத்தான் அதிகமா அழுதா. கூட்டிட்டுப் போ," என்றான். கொழுப்பையும் சாராயத்தையும் காவல்காரன் வாங்கிக்கொண்டான்.

நாங்கள் வேலியை விட்டு நகர்வதற்குள், பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் புருஷன் பெயரைச் சொல்லி ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அடுத்து இன்னொருத்தி. அவர்களுக்குப் புரிந்துபோயிற்று. அவர்களில் எத்தனை பேர் சொந்தப் புருஷனைப் பார்த்து அழுதார்கள், எத்தனை பேர் யாரோ ஒருவனைப் பார்த்து அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலி முழுக்க உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரி. கேட்கிறவர்களுக்கு உலகமே செத்துவிட்டது போல இருந்திருக்கும்.

நகரத்தைத் தாண்டியதும் மோத்ரியா அவனை ஒரு வாய்க்கால் மேட்டில் உட்காரவைத்தாள். தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள். அவன் சாப்பிடும்வரை பொறுத்திருந்துவிட்டு, பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"எதுக்குடா என் புருஷன் பேரை எடுத்த?"

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "காலையிலேர்ந்து அந்தப் பேர் சுத்திச் சுத்தி வந்துச்சு. யாரும் போகல. நானும் பொறுத்துப் பார்த்தேன்மா. சத்தியமா பொறுத்தேன். மூணு தடவை என்னைத் தாண்டிப் போச்சு. அந்த ஆள் இங்க இல்ல, இல்லாட்டி செத்திருக்கணும்னு நினைச்சேன்" என்றான்.

"செத்திருக்கணும்னு நினைச்சானாம்!" என்று என்னிடம் திரும்பினாள். "கேட்டியா அக்கா இவன் வாயை?" சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இது ஒப்பாரி இல்லை. சத்தமே வரவில்லை.

அவன் பெயர் லாவ்ரின். டோனெட்ஸ் ஆற்றுப் பக்கத்துக்காரன், கல்யாணம் ஆகாதவன், அம்மா மட்டும் இருந்தாள். அவன் ஊருக்கு இன்னும் ஜெர்மன்காரன் போய்ச் சேரவில்லை. அதனால் அவனைத் தேடி யாரும் வர வழியில்லை. அவனுக்குத் தெரிந்தே இருந்தது அது.

மோத்ரியா மறுபடி குழிக்குப் போக முடியாது. முகம் தெரிந்துபோயிற்று. நான் போனேன். யுகிம் என்ற பெயரைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அந்தப் பெயர்தான் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதே. "வெர்பிவ்கா குதிரைக்காரன்! பலாஷ்காவோட தம்பி!" என்று அவனை என் தம்பியாக்கி, என் பெயரையும் சேர்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் வரவில்லை. அடுத்த வாரம் போனபோது குழியில் பாதி காலி. மேற்கே நடத்திக்கொண்டு போய்விட்டார்களாம்.

அதற்குப் பிறகு மோத்ரியாவுக்கு ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்கு யுகிம் உள்ளே இருந்தானா, இல்லையா? பால் கறக்கும்போது கேட்பாள், பீட்ரூட் பிடுங்கும்போது கேட்பாள். "இல்லைன்னு சொல்லு அக்கா." நான் இல்லை என்பேன். "நீ என்னத்தைக் கண்ட!" என்று சண்டைக்கு வருவாள்.

லாவ்ரின் வெர்பிவ்காவில் யுகிமாகவே இருந்தான். ஊர் மொத்தத்துக்கும் அவன் யுகிம் இல்லை என்று தெரியும், ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அவனைப் போல இன்னும் சில பேர் எங்கள் ஊரில் இருந்தார்கள். "குழியில எடுத்த மாப்பிள்ளை" என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளைக்கே மரியாதை கிடையாது, இவர்களுக்கு எங்கே! "என்ன மாப்பிள்ளை, மாடு என்ன நிறம்?" என்று என் வீட்டுக்காரர் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அவனும் சளைக்காமல், "நெத்தியில வெள்ளை மாமா" என்பான். நல்ல உழைப்பாளி. முதல் குளிர்காலம் தொழுவத்தில் படுத்தான். அப்புறம் பனி கடுமையானதும் அவள்தான் உள்ளே கூப்பிட்டுக் கதகதப்பான அடுப்பு மேடையில் படுக்கச் சொன்னாள். நாற்பத்துமூன்று கோடையில் உல்யானா பிறந்தாள். ஊர் பேசியது. நானும் கொஞ்சம் பேசினேன். பேசிவிட்டுக் குழந்தைக்குப் பழைய சட்டையைக் கிழித்துத் துணி தைத்துக்கொண்டு போனேன்.

அந்த இலையுதிர் காலத்தில் நம் படை திரும்பி வந்தது. வந்த கையோடு ஊரில் இருந்த ஆண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. எதிரி ஆட்சியில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று அவர்கள்மேல் ஒரு கோபம். சீருடை இல்லை. போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு அப்படியே த்னீப்பர் ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். லாவ்ரின் பட்டாளத்துக்காரரிடம் தன் சொந்தப் பெயரைச் சொன்னான். வாசலில் நின்று மோத்ரியாவிடம், "உன் வீட்டுக்காரர் பேர் அவருக்கே இருக்கட்டும். வந்தார்னா வேணும்ல" என்றான்.

அவனோடு போன எங்கள் ஊர்க்காரன் ஒருவன் கை ஒன்றை இழந்து திரும்பி வந்து சொன்னான். படகுகூடக் கிடையாது, கதவுப் பலகையில் கடந்தார்களாம். லாவ்ரினுக்குத் துப்பாக்கியே கொடுக்கவில்லை. செத்தவனிடமிருந்து எடுத்துக்கொள் என்றார்களாம். எடுக்கும்வரை அவன் இருக்கவில்லை.

மோத்ரியா அன்று பண்ணைக்குப் போய் மாலைப் பாலையும் கறந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் என்ன செய்தாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.

சண்டை முடிந்த மறு வருஷம், வசந்தத்தில், பகல் வேளை. நான் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தேன். மோத்ரியா வேலி தாண்டி ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு.

"அக்கா, எழுந்திரு. யுகிம் வந்திருக்கான்."

நான் கிழங்குக் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"உள்ள உக்காந்திருக்கான். ஒரு வார்த்தை பேசல. உல்யானாவையே பார்த்துட்டு இருக்கான். நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டான். நீ வா. நான் தேடுனேன், தொண்டை போற அளவுக்குக் கத்துனேன்னு நீ சொல்லு. உனக்குத்தான் தெரியும். நீதான் சாட்சி."

போனேன். மேசைக்குப் பக்கத்தில் யாரோ கிழவன் உட்கார்ந்திருந்தான். முன்பல் ஒன்றும் இல்லை. மொட்டைத் தலை. எந்த நாட்டுக் கோட்டோ, தோளில் தொங்கியது. ஜெர்மன்காரன் சுரங்கத்தில் மூன்றரை வருஷம், அப்புறம் ஏன் உயிரோடு பிடிபட்டாய் என்று நம் ஆட்களே விசாரித்த முகாமில் ஒரு வருஷம். கண்ணைப் பார்த்துத்தான் யுகிம் என்று கண்டுகொண்டேன்.

"பலாஷ்கா," என்றான். அவ்வளவுதான்.

மோத்ரியா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். குழிக்குப் போனது, கத்தியது, அந்த ஆள் வந்து நின்றது, ஒப்பாரி வைத்தது, கூட்டிக்கொண்டு வந்தது, குழந்தை பிறந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. "உனக்கு உசுரோட ஒப்பாரி வெச்சவ நான். உன் பேரை எடுத்து இன்னொருத்தனுக்குக் கொடுத்தவ. அடிக்கணும்னா அடி. வெளிய போன்னா போறேன். ஆனா தேடலைன்னு மட்டும் சொல்லாத. அக்கா, சொல்லேன்!"

நான் மூலையில் இருந்த சாமி படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "காலையிலேர்ந்து கத்துனா யுகிம். நான் பக்கத்துலயே இருந்தேன். நீ உள்ள இல்லைன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"சாட்சியெல்லாம் எதுக்கு?" என்றான் யுகிம். "நான் அங்கதான் இருந்தேன்."

மோத்ரியா அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

அவன் மெதுவாகத்தான் சொன்னான், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இடைவெளி விட்டு. சூளைப் பக்கத்துச் சுவரில் ஒரு வளைக்குள் காய்ச்சலோடு கிடந்தானாம். பெயர் கூப்பிட்டது அந்த மூலைக்கு எட்டவில்லை. ஒப்பாரிதான் எட்டியது. "கனவுன்னு நினைச்சேன். நான் செத்துட்டேன், இவ அழுவுறான்னு நினைச்சேன். அப்புறம் கறுத்த மாடு வந்துச்சு அதுல. செத்தவனுக்கு மாடு ஞாபகம் வருமா? எந்திரிச்சேன். ஆளுங்க மேல மிதிச்சிக்கிட்டு ஏறி வந்தேன். வாசலுக்குக் கொஞ்சம் கீழ நின்னேன். நீ அவன் கையைப் பிடிச்சிட்டிருந்த."

மோத்ரியா அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். "என்னைப் பார்த்தியா?"

"உன் தலைத்துணி தெரிஞ்சுது. நீல ஓரம் போட்டது."

"அப்ப ஒரு குரல் கொடுத்திருக்கலாமே! கொடுக்கலாமே யுகிம்!"

"கொடுத்திருந்தா யுகிம் ரெண்டு பேர் ஆயிருப்போம். ஒருத்தன் பொய்னு ஆயிருக்கும்." தன் கையைப் பார்த்துக்கொண்டான். "முதல்ல ஆத்திரம்தான். கையில மண்ணை எடுத்தேன், எறியலாம்னு. அவன் காலைப் பார்த்தேன், ஒத்தைக் கால்ல பூட்ஸ். கீழ போட்டுட்டேன்."

உல்யானா அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தது. அதன் தலை செம்பட்டையாக இருந்தது. யுகிம் அதைப் பார்த்தபடியே, "அவன் பொழைச்சானா?" என்று கேட்டான். "இத்தனை வருஷமும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன். என் இடத்துல போனவன் பொழைச்சானா இல்லையான்னு."

நான்தான் சொன்னேன். "ரெண்டு வருஷம் இருந்தான். அப்புறம் ஆத்தங்கரையில போயிட்டான். போகும்போது உன் பேரை இங்கேயே வெச்சிட்டுப் போனான்."

யுகிம் தலையை ஆட்டினான். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, குழந்தையைப் பார்த்து அந்த இடத்தைத் தட்டிக் காட்டினான். அது வரவில்லை. அவன் அவசரப்படுத்தவும் இல்லை.

மோத்ரியா அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாவுக் கையாலேயே அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உள்ள இருக்கேன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தா, அவனை அங்கேயே சாக விட்டுட்டு உன்னைத்தான் கூட்டிட்டு வந்திருப்பேன். சத்தியமா சொல்றேன், விட்டுட்டு வந்திருப்பேன்."

"தெரியும்," என்றான் யுகிம். "அதனாலதான் வாயைத் திறக்கல."